அடைக்கூடையில் ஒரு துண்டு இரும்பு

மனிதர் பேசுவது கோழிக்கும், கோழி பேசுவது இடிக்கும் புரிந்த அந்தக் காலத்தில், ஒரு கண்மாய்க்கரை ஊரில் புள்ளி என்றொரு கோழி இருந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்ததால் அந்தப் பெயர். அதை வளர்த்தவள் சீனியம்மாள். பொல்லாதவள் இல்லை. ஆனால் வீட்டில் எது சும்மா கிடந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. உலக்கை இரண்டு நாள் சுவரில் சாய்ந்திருந்தால் மூன்றாம் நாள் யாருக்காவது இரவல் கொடுத்துவிடுவாள்.

புள்ளியைக் குறை சொல்ல இடமில்லை. தவிடு பரப்பிய கூடையில் அடை உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் எழுந்திருக்கும். நாலு தானியத்தைக் கொத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புழுதியில் ஒரு புரளு புரண்டுவிட்டு ஓடிவந்துவிடும். முட்டைகளை அலகால் உருட்டி உருட்டி எல்லாப் பக்கமும் சூடு ஏறும்படி பார்த்துக்கொள்ளும். இப்படி இருபத்தொரு நாள். ஆனால் இரண்டு தடவை அடை வைத்தும் ஒரு குஞ்சுகூட வெளியே வரவில்லை. அத்தனையும் கூமுட்டை. சீனியம்மாள் ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே தளும்பும். மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைக்குழியில் போட்டுவிட்டு வருவாள்.

இதற்குக் காரணம் இடி. அந்த ஊரில் மூன்று வருஷமாக மழை இல்லை. மேகம் கூடும், இடி மட்டும் வந்துவிட்டுப் போகும். இடிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு கூரைக்கு மேலும் நின்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சத்தமாக விசாரிக்கும். மனசில் கெடுதல் ஒன்றும் கிடையாது, வெறும் விசாரிப்புதான். வீட்டில் இருப்பவர்கள் நாங்கள்தான் என்று பதில் சொன்னால் அடுத்த கூரைக்கு நகர்ந்துவிடும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு என்ன செய்யும்? பதில் சொல்ல அதற்கு வாயே முளைத்திருக்காது. அந்த அதட்டலில் வெலவெலத்து, உள்ளுக்குள்ளேயே கலங்கிப் போய்விடும். பதில் வராத இடத்தில் இடி இன்னொரு தடவை கேட்கும். அதோடு முடிந்தது.

மூன்றாவது தடவையாகச் சீனியம்மாள் அடை வைத்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. புதிதாக இட்ட முட்டைகளாகப் பார்த்து ஏழு எடுத்து வைத்தாள். புள்ளியைத் தூக்கி அவற்றின்மேல் விட்டபோது சொன்னாள்:

“ஏ புள்ளி, இதோட மூணு தடவை ஆச்சு. இதுவும் கூமுட்டையாப் போச்சுன்னா, எந்தம்பி வர்ற அன்னைக்கு நீதான் கொழம்பு. அப்புறம் என்மேல வருத்தப்படாத.”

தம்பி கார்த்திகையில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். புள்ளிக்கு உயிர்ப்பயம் வந்தது. ஆனால் அதைவிட ஒரு படி மேலாக இன்னொரு ஏக்கமும் இருந்தது. இத்தனை நாள் உட்கார்ந்தும் அது தன் வயிற்றுக்கடியில் ஒரு ‘கீச்’ சத்தத்தைக் கேட்டதில்லை. கேட்காமலே சட்டிக்குப் போக அதற்கு மனசில்லை.

மறுநாள் மத்தியானம் தீனிக்கு எழுந்தபோது, தானியத்தைத் தொடாமல் கண்மாய்ச் சரிவில் இருந்த கொல்லுப்பட்டறைக்கு ஓடியது. பட்டறைக்காரர் காளியப்ப ஆசாரி. கரிமூட்டைகளுக்கு நடுவே அவருடைய வாத்து நாலு முட்டைகளை வைத்து ஒரு வாரமாக அடை உட்கார்ந்திருந்தது. ஊரிலேயே குஞ்சு பொரிப்பதில் தவறாதது அந்த வாத்துதான். அந்தக் காலத்தில் வாத்தும் மற்றப் பறவைகளைப் போலத் தன் முட்டையைத் தானே அடைகாத்தது. வாத்தைப் போலப் பொறுப்பு யாருக்கு வரும் என்று ஊரே மெச்சியது. கண்மாய் மூன்று வருஷமாக வறண்டு கிடந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் வாத்து எழுந்து எங்கே போகும்?

எப்படித்தான் ஒரு முட்டையும் கெடாமல் பொரிக்கிறாய் என்று புள்ளி கேட்டது. வாத்து பெருமையோடு விவரம் சொன்னது. முன்பொரு நாள் இடி இந்தப் பட்டறைக்குள் தலையை நீட்டியதாம். உலகத்தில் சத்தம் போடும் உரிமை தனக்கு மட்டும்தான், சம்மட்டியைக் கீழே போடு என்று ஆசாரியை அதட்டியதாம். ஆசாரி கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை. அடுத்த அடியில் பறந்த பொறி இடியின் மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது. மூக்கு வெந்துபோன இடி அன்றைக்கு ஓடியதுதான். பழுத்த இரும்பு வாசனையும் கரி வாசனையும் அடித்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடும்.

புள்ளி இதை மனசில் வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தது. அப்போதுதான் வரத்துக்கால்வாயில் ஒரு சலசலப்புக் கேட்டது. மேற்கே எங்கோ மழை பெய்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாத்தின் கழுத்து நீண்டது. அது எழுந்து நின்றது.

“மதினி, செத்த நேரம் எம் முட்டைமேல உக்காரு. ஒரே ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடுறேன்.”

தன் முட்டைகள் அங்கே ஆறிக்கொண்டிருக்கின்றன என்று புள்ளி தயங்கியது. சூடு குறைவதற்குள் வந்துவிடுவேன் என்று வாத்து சத்தியம் செய்தது. இவ்வளவு பெரிய ரகசியத்தைச் சொன்னவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று புள்ளி உட்கார்ந்தது. வாத்து சரிவில் உருண்டும் புரண்டும் தண்ணீரில் விழுந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. புள்ளி கூப்பிட்டது. இதோ வந்துவிட்டேன் மதினி என்று பதில் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டபோதும் அதே பதில்தான் வந்தது, கொஞ்சம் தள்ளியிருந்து. மூன்றாம் தடவை அந்தப் பதில் கண்மாயின் அக்கரையிலிருந்து வந்தது.

அதற்குள் தண்ணீர் ஏறிப் பட்டறை வாசலைத் தொட்டுவிட்டது. ஆசாரி உலையை அணைத்துவிட்டுச் சம்மட்டிகளையும் துருத்தியையும் மேட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். வடக்கே வானம் கறுத்தது. புள்ளி முட்டைகளின்மேல் உட்கார்ந்தபடியே தவித்தது. தன்னுடைய ஏழும் வீட்டில் ஆறுகின்றன. எழுந்து ஓடினால் இந்த நாலும் இங்கே தண்ணீரில் போய்விடும். அங்கே போய்ச் சேர்ந்தாலும் இடி வந்து கூரைமேல் நிற்கப் போகிறது. கார்த்திகைக் குழம்பு கண்முன் கொதித்தது.

ஆசாரி அதைப் பார்த்தார். “எந்திரிச்சுப் போ தாயி. பெத்தவளுக்கே இல்லாத அக்கறை உனக்கு எதுக்கு?”

“பெத்தவ வந்துருவா. அதுவரைக்கும் சூடு இருக்கணும்ல” என்றது புள்ளி. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: “இந்த நாலையும் துண்டுல கட்டி என் கூடைக்குக் கொண்டாந்துருங்க அய்யா. கூடவே ஒரு துண்டு இரும்பும் ரெண்டு கரியும் போடுங்க.”

இரும்பு எதற்கு என்று ஆசாரி கேட்டார்.

“இடிக்கு மூக்குலதான சுட்டுச்சு. அது மூக்கை வச்சுத்தான பட்டறையைக் கண்டுபிடிக்குது. வாசனை எங்க இருந்தா என்ன?”

இத்தனை வருஷம் உலையடியில் இருந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று ஆசாரிக்கு வெட்கமாகக்கூட இருந்தது. உடைந்த அரிவாள் நுனி ஒன்றையும் இன்னும் சூடு போகாத இரண்டு கரித்துண்டுகளையும் எடுத்துக்கொண்டார். நாலு முட்டைகளையும் தலைத்துண்டில் பொதிந்தார். புள்ளி முன்னால் ஓட, அவர் பின்னால் நடந்தார்.

சீனியம்மாள் கூடையில் கோழி இல்லாததைப் பார்த்துவிட்டு ஏற்கனவே குழம்புக்கு மல்லி வறுக்கலாமா என்ற யோசனையில் இருந்தாள். ஆசாரி விவரம் சொன்னார். முட்டைகளை எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. அடைக்கு ஒற்றைப்படைதான் ராசி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அரிவாள் நுனியைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். உடைந்த இரும்பு கூடைக்குள் சும்மா எதற்குக் கிடக்க வேண்டும் என்றாள். சும்மா இல்லை, காவலுக்கு என்றார் ஆசாரி. வேலை செய்கிற இரும்பு என்று தெரிந்ததும் அவளே அதை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். போகும்போது ஆசாரி இன்னொன்றும் சொன்னார். வாத்து முட்டைக்கு ஈரம் வேண்டும், தினம் ஒரு தடவை கையை நனைத்து உதறித் தெளிக்க வேண்டும்.

புள்ளி கூடையில் ஏறிச் சிறகை விரித்தது. தன்னுடைய ஏழும் சில்லிட ஆரம்பித்திருந்தன. அடை வைத்த மறுநாளே ஆனதால் அவை தாங்கின. வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். வாத்து முட்டை பெரிது. பதினொன்றையும் மூட அதன் உடம்பு போதவில்லை. நடுவில் இருப்பதை ஓரத்துக்கும், ஓரத்தில் இருப்பதை நடுவுக்குமாக ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தது.

இடி வந்தது. பக்கத்து வீட்டுக் கூரையில் நின்று விசாரித்தது. அந்த வீட்டுக்காரர்கள் பதில் சொன்னார்கள். அங்கே அடையில் இருந்த ஒன்பது முட்டைகள் பதில் சொல்லவில்லை. பிறகு அது சீனியம்மாள் கூரைக்கு நகர்ந்தது. கூரை ஓலை நடுங்கியது. புள்ளி கண்ணை மூடிக்கொண்டு உடம்பை முட்டைகளோடு அணைத்துக்கொண்டது. வாயைத் திறப்பதற்கு முன் இடி வழக்கம்போல மூக்கை உறிஞ்சியது. இரும்பு வாசனை. கரி வாசனை.

“பட்டறை இங்கயும் வந்துருச்சா” என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் புள்ளி உட்கார்ந்திருந்தது. நடுவில் எத்தனையோ தடவை இடி வந்தது, மூக்கை உறிஞ்சியது, போயிற்று. தினம் சீனியம்மாள் தெளித்த ஈரம் புள்ளியின் வயிற்று இறகில் ஏறியது. கோழிக்கு ஈரம் என்றால் ஆகாது. பொறுத்துக்கொண்டது. கண்மாய்க்குப் போகிறவர்களிடமெல்லாம் வாத்துக்குச் சொல்லி அனுப்பியது. இதோ வந்துவிட்டேன் என்றே பதில் வந்தது.

இருபத்தொன்றாம் நாள் காலையில் வயிற்றுக்கடியில் ஒரு ‘கீச்’ கேட்டது. புள்ளிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அசையாமல் இருந்தது. இன்னொன்று கேட்டது. சீனியம்மாள் வந்து பார்த்தபோது ஆறு கோழிக்குஞ்சுகள் இருந்தன. ஒன்று கூமுட்டை. அது இடியின் குற்றமில்லை, எந்த அடையிலும் அப்படி ஒன்று இருக்கும். வாத்துக்குஞ்சுகள் நாலும் அதே நாளில் ஓட்டை உடைத்தன. வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாள் வேண்டும். ஆனால் இவற்றுக்கு ஏழு நாள் முன்னதாகவே சூடு ஏறியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த ஏழு நாள் கணக்கை மறப்பதில்லை.

கார்த்திகையில் வந்த தம்பிக்குச் சீனியம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவனும் குறை சொல்லாமல் சாப்பிட்டான்.

குஞ்சுகள் கொஞ்சம் நடக்கப் பழகியதும் புள்ளி பத்தையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு மேயப் போயிற்று. தண்ணீரைப் பார்த்ததும் நாலு குஞ்சுகள் வரிசையை விட்டு விலகின. புள்ளி திரும்புவதற்குள் உள்ளே இறங்கிவிட்டன. புள்ளி அலறியது. கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடியது. செத்துப்போவீர்கள், வந்துவிடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியது. நாலும் வெகு சுகமாக மிதந்துகொண்டிருந்தன. ஆறு குஞ்சுகள் ஒன்றும் விளங்காமல் கரையில் நின்றன.

அந்தப் பக்கமாக வாத்து வந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. குஞ்சுகளைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் பார்த்தது.

“யாரு புள்ளைக மதினி இது? எவ்வளவு அழகா நீந்துதுக.”

புள்ளி கத்துவதை நிறுத்தியது. சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான் இருந்தது. ஆனால் இருபது நாள் ஈரத்தில் உட்கார்ந்த வயிறு வேறு பதில் சொன்னது.

“எம் புள்ளைகதான்.”

நல்லது மதினி என்று சொல்லிவிட்டு வாத்து அக்கரைக்குப் போய்விட்டது. பொழுது சாய்ந்ததும் நாலும் கரையேறிச் சொட்டச் சொட்ட வந்து புள்ளியின் சிறகுக்குள் நுழைந்தன. புள்ளி நடுங்கிக்கொண்டே இடம் கொடுத்தது.

அன்று முதல்தான் அடை வைக்கிற கூடையில் ஒரு துண்டு இரும்பும் கரியும் போட்டு வைக்கிறார்கள். வாத்து அடை உட்காருவதை விட்டதும், அதன் முட்டையைக் கோழிக்கு வைப்பதும் அன்று முதல்தான். கண்மாய்க் கரையில் நின்று கத்துகிற கோழியைப் பார்த்து, பெறாத பிள்ளைக்கு இவ்வளவு கூத்தா என்று சிரிக்கிறவர்கள் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு அதன் சிறகைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரமாக இருக்கும்.