வெக்கட்டுமாங்க?

காது டெஸ்ட் எடுக்கும் கண்ணாடி அறையிலிருந்து பஸ் டிரைவர் முத்துக்கருப்பன் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"விசில் கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னீங்க. உள்ள யாரோ ஒரு அம்மா ‘வெக்கட்டுமாங்க, வெக்கட்டுமாங்க’ன்னு கேட்டுட்டே இருக்காங்க. எதைங்க வெக்கணும்?"

நர்ஸ் சிரித்தார். தானும் மாட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

விஷயம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்குப் போனது. குருவும் சீடரும் அங்கேதான் இருந்தார்கள். ஆலமரத்தையும் ஆற்றங்கரையையும் தேடாதீர்கள், ஏசி உறுமுகிற கம்ப்யூட்டர் அறை. குரு சுலைகாவுக்கு முப்பது சொச்சம் வயது. சீடர் அந்தோணிராஜ் ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இந்த வேலை கற்க வந்தவர். அவர் ‘மேடம்’ என்பார், இவர் ‘அண்ணே’ என்பார். பாடத்தில் மட்டும் அண்ணன் தங்கச்சி கிடையாது.

அறையில் இருப்பது ஒரே ஒரு பெரிய மெஷின். அதன் வயிற்றுக்குள், நிஜ மெஷின் போலவே வேலை செய்கிற, டிபார்ட்மெண்டுக்கு ஒன்றாகப் பல பொய் மெஷின்கள். கெஸ்ட் என்பார்கள், விருந்தாளி. சவுண்ட் கார்டு மாதிரி ஒரு நிஜப் பொருளை ஒரு விருந்தாளியின் கையிலேயே நேராகக் கொடுத்துவிடலாம். இங்குள்ள சவுண்ட் கார்டு பகலில், மேலே கண்ணாடி அறைக்குப் போகும் வயர் வழியாகக் காது டெஸ்டுக்கு, சாயங்காலம் அந்தோணிராஜ் பழகும் மெஷினுக்கு. கைமாறும்போது ரீசெட் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் முன்னவர் விட்டுப்போனது பின்னவர் காதில் விழும்.

"நேத்து ரீசெட் குடுத்தீங்களா அண்ணே?"

"குடுத்தேன் மேடம்."

சுலைகா தானே ஒருமுறை கொடுத்தார். ‘ஆச்சு’ என்றது திரை. உடனே மேலேயிருந்து நர்ஸின் போன்.

"மேடம், இன்னும் கேக்குது. இப்போ கொஞ்சம் பக்கத்துல வந்து கேக்குது."

அந்தோணிராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"யார் குரல் அண்ணே?"

"ரெஜினா. என் சம்சாரம்."

அப்புறம் எதையும் மறைக்கவில்லை, கொட்டிவிட்டார். ரெஜினா கடைசியாக ஊரிலிருந்து பேசியது பழைய போனில் பதிவாகியிருந்தது. ஒரே இரைச்சல். அதை நீக்கத்தான் மெஷினில் போட்டார். போனை வைக்குமுன் அவள் எப்போதும் அப்படித்தான் கேட்பாள். இவரும் விடமாட்டார், ஏதாவது சொல்லி இழுப்பார். அந்த இடம் ஓடும்போது மெஷின் ஹேங் ஆகிவிட்டது. பதிவு பாழ், பழைய போனும் செத்துப்போனது. அந்த ஒரு சொல் மட்டும் கார்டுக்குள் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடியது. இன்னொரு போனில் பிடித்து வைக்கப் பார்த்தார், காற்றுச் சத்தம்தான் விழுந்தது. ரீசெட் பக்கமே அவர் கை போகவில்லை. எப்படிப் போகும், பாவம்!

"சொன்ன பேச்சு கேக்காத கார்டு இது," என்றார் சுலைகா. "கரண்டை முழுசா நிறுத்தி வயரை உருவினாத்தான் மறக்கும்."

"மறந்துட்டா அப்புறம் எங்கயும் இல்லையே மேடம். எனக்கு அவ குரல்னு வேற எதுவுமே இல்லையே!"

சுலைகா ஒவ்வொரு டிபார்ட்மெண்டாகப் போன் செய்து வேலையை மூடச் சொன்னார். விருந்தாளிகள் ஒவ்வொருவராக அணைந்தார்கள். கார்டை வைத்திருந்த காது டெஸ்ட் மெஷினும் அணைந்தது. இனி அந்தக் கார்டிலிருந்து சத்தம் வர நியாயமே இல்லை. ஒரு ஹெட்போனை எடுத்து கார்டில் நேராகச் செருகி அந்தோணிராஜின் கையில் கொடுத்தார். அவரது இன்னொரு கையைப் பிடித்துச் சுவரிலிருந்த பெரிய மெஷினின் பிளக்கின் மேல் வைத்தார்.

அவர் ஹெட்போனைக் காதில் வைத்தார்.

"வெக்கட்டுமாங்க?"

அவர் சுலைகாவைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், கேக்குது! உருவினா இவ எங்க போவா?"

"அது எனக்குத் தெரியாது. அன்னிக்கு அவங்க இதைக் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"‘இரு’ன்னு சொன்னேன்."

"அதான் இருக்காங்க."

அந்தோணிராஜ் பொலபொலவென்று அழுதார். குரல் அவசரப்படவில்லை. பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி, அதே பொறுமையோடு கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"வெச்சிடும்மா, ரெஜி."

"சரிங்க," என்றது ஹெட்போன்.

அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தோணிராஜ் திடுக்கிட்டுத் திரும்பினார். பிளக் சுவரில் அப்படியே இருந்தது. மெஷினின் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"மேடம், நான் இன்னும் உருவவே இல்லையே!"

ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடியே நின்றார். சுலைகா அவர் முகத்தைப் பார்த்தார்.

"அவங்க வெச்சுட்டாங்க அண்ணே. இனி நீங்க வைங்க."