பொட்டி போட்ட மார்க்கு

எல்லாரும் சௌக்கியமா இருந்தாங்க, கதை முடிஞ்சுது.

என்னடி நிலவழகி முழிக்கிறே? இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னா? தெரியும்டி. வேணும்னேதான் அப்படிச் சொன்னேன். காரணம் கேட்டுக்கிட்டே வா. பாய்ல நேராப் படு. ‘ம்’ கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு பொட்டி. அதுக்குக் காது உண்டு, தூக்கம் கிடையாது. அது ஒரு பால்வாடிக்கு வந்து சேர்ந்துச்சு. அங்க செண்பகவல்லின்னு ஒரு ஆயாம்மா. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ. மத்தியானம் கதை சொல்லிப் பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறது அவ வேலை.

பெரிய மேடம் சொன்னாங்க, “இந்தக் கம்ப்யூட்டர் லட்சம் கதை படிச்சிருக்கு. இனிமே உன் கதைக்கு இதான் மார்க்குப் போடும். மூணு பூஜ்யம் வாங்கினா வேற ஆள் பார்த்துக்குவோம்.”

சரின்னு செண்பகவல்லி பாயை விரிச்சா. ம்?

மொத நாள், எந்த வகைக் கதைன்னு பொட்டி பிரிக்குமாம். சாம்பார்ல யாரு முதல்ல குதிக்கிறதுன்னு கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட சண்டையை இவ சொன்னா. பொட்டி ‘கிர்ர்ர்’னுச்சு. “சமையல் குறிப்பு. பூஜ்யம்”னுச்சு. லட்சம் கதை படிச்ச லட்சணம்.

ம். அப்புறம் ரெண்டாம் நாள், பொட்டியே ஒரு கதை கட்டிச்சு. சிங்கமும் முயலும் நண்பர்களாம், கடைசியில எல்லாரும் கைதட்டினாங்களாம். ஒரு பொண்ணு கேட்டா, “முயல் எங்க ஒண்ணுக்குப் போகும்?” பொட்டி, “அருமையான கேள்வி”ன்னு சொல்லிட்டு மறுபடி சிங்கத்துக்கே போயிடுச்சு. ஒரு பிள்ளையும் கண்ணை மூடலை. ஆனா பொட்டி தனக்குத்தானே தொண்ணூத்தெட்டு போட்டுக்கிச்சு. வெக்கங்கெட்டது.

ம்... சத்தம் குறையுதே. மூணாம் நாள், செண்பகவல்லி கிணத்துல விழுந்த நிலாவைக் கயிறு போட்டு இழுக்கிற கதை சொன்னா. ‘சர்ர்ர், சர்ர்ர்’னு பாதி கிணறு ஏறுறதுக்குள்ள எல்லாப் பிள்ளையும் தூங்கிப் போச்சு. அவளும் நிறுத்திட்டா. உடனே பொட்டி, “கதை முழுசா இல்லை. பூஜ்யம்.”

“பிள்ளைங்க தூங்கிடுச்சே மேடம்.”

“கம்ப்யூட்டருக்கு முடிவு வேணும்மா.”

“அது தூங்காதது அதோட குத்தம் மேடம்.”

“வாய் பேசாதே. இன்னொரு பூஜ்யம், அவ்வளவுதான்.”

அன்னிக்கு ராத்திரி பூரா அவ யோசிச்சா. முடிவு வரைக்கும் சொன்னா பிள்ளைங்க முழிச்சுக்கும். பாதியில நிறுத்தினா வேலை போயிடும்.

நாலாம் நாள் அவ என்ன பண்ணினா தெரியுமா? உக்காந்த உடனே, “எல்லாரும் சௌக்கியமா இருந்தாங்க, கதை முடிஞ்சுது”ன்னா. பொட்டி, “முழுமையான கதை. தொண்ணூறு”ன்னு சொல்லி ‘டிக்’குனு அணைஞ்சுது. அதுக்கப்புறம் அவ பாட்டுக்கு நிலாவை இழுத்தா. சர்ர்ர்... சர்ர்ர்...

ம் சொல்லுடி நிலவழகி.

சொல்லலையா? சரி, தூங்கு. முடிவைத்தான் நான் முதல்லயே சொல்லிட்டேனே.