வராத முப்பது குதிரை

"ஏனுங்க டீச்சர், ஒரு குதிரைகூட வரலைங்க!"

பட்டறைக்குள் நுழையும்போதே சென்னியப்பன் கத்தினான்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. மெக்கானிக்குகளுக்கே பாடம் சொல்கிறவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவார்கள். பேர் ஜெபமாலை. கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயக் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லா மெக்கானிக்கையும் பார்த்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்பது அவரிடம்தான். சென்னியப்பனைவிட வயதில் சின்னவர். அவன் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. அவனுக்கு வண்டி ஓடணும், அவ்வளவுதான்.

"எந்தக் குதிரை அண்ணா?"

"குதிரைத்திறனுங்க. பெரிய கார்புரேட்டர் மாட்டினா முப்பது குதிரை கூடும்னாங்க. மாட்டிட்டேன். பழைய வேகத்துலயேதான் போகுது."

அது ரோட்டரி எஞ்சின் கார். பிஸ்டன் ஏறி இறங்குகிற கதையே அதில் கிடையாது. முக்கோணமாக ஒரு ரோட்டர் உள்ளேயே சுற்றும். சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு கார் அவனிடம் மட்டும்தான். பெருமைக்கு அது போதும். பந்தயத்துக்குப் போதவில்லை.

நாளைக்குத் தகுதிச் சுற்று. குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்காத வண்டி பந்தயத்தில் நிற்க முடியாது. போன வருஷம் அவன் நிற்கவில்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை.

"மாப்ளே, பேசாம பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட்டுருங்க" என்று போன வருஷமே அவன் மச்சான் எல்லார் முன்னாலும் சிரித்தான். நாளைக்கும் தோற்றால் காரை விற்றுவிடுவது என்று சென்னியப்பன் முடிவு பண்ணியிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரிடம் சொன்னான்.

"பெட்ரோல் விடற ஜெட் மாத்தினீங்களா?"

"மாத்தியாச்சுங்க."

"புகைக்குழாய்?"

"பெருசு போட்டாச்சுங்க."

"அப்ப எஞ்சின்ல எனக்கு வேலை இல்லை."

"பானெட்டைக்கூடத் திறக்கலை, அதுக்குள்ள எப்படிங்க?"

"நீங்களே திறங்க."

திறந்தான். டீச்சர் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். எஞ்சினை ஓடவிடவில்லை. ஆக்சிலேட்டரை மட்டும் முட்டும் வரைக்கும் மிதித்தார்.

"கார்புரேட்டர் வாய்க்குள்ள பாருங்க. என்ன தெரியுது?"

குனிந்தான். காற்றுப் போகிற வழியில் இருக்கும் தட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். அது சாய்ந்து கிடந்தது, தூங்கி வழிகிற வாட்ச்மேன் மாதிரி.

"பாதிதானுங்க திறந்திருக்குது! நல்லா மிதிங்க!"

"முட்டிருச்சு."

விரலால் தள்ளிப் பார்த்தான். தட்டு சுலபமாக நிமிர்ந்தது. சென்னியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கேபிள் தொய்ஞ்சு போச்சுங்க! ஸ்பேனரைக் குடுங்க, இப்பவே இழுத்துக் கட்டறேன்."

"கேபிள் நல்லா இருக்கு. இங்க வாங்க."

கதவுப் பக்கம் வந்தான். டீச்சர் காலை எடுத்துவிட்டுப் பெடலுக்கு அடியைக் காட்டினார். தேங்காய் நார் மிதியடி. இரண்டாக மடித்தது.

"இது எதுக்கு அண்ணா?"

"அதுவா? ரோட்டரி வண்டியில புகை நெருப்பாட்டம் போகுமுங்க. குழாய் காலுக்குக் கீழேயே போகுது. தரை தோசைக்கல்லாட்டம் கொதிக்கும்."

"எப்பவுமே மடிச்சுத்தான் போடுவீங்களா?"

"இல்லீங்க, மடிக்காமத்தான் கிடந்துச்சு. பெரிய கார்புரேட்டர் மாட்டினதும் சூடு இன்னும் கூடிப்போச்சு. அதனால மடிச்சு..."

நிறுத்தினான்.

டீச்சர் மிதியடியை உருவி வெளியே போட்டார். மறுபடி மிதித்தார். பெடல் தரையில் போய் டொக்கென்று முட்டியது.

அவன் பானெட் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

வெளியே கிடந்த மிதியடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அடியில தகடு வெச்சு அடைச்சுட்டா சூடு ஏறாதுங்களே?"

"ஏறாது. செய்ய ஒரு வாரம் ஆகும்."

"சுற்று நாளைக்குங்க."

"ஆமா."

"அப்ப கால் சுடுமே."

"சுடும்."

"தாங்குமுங்களா?"

"யார் கால் அண்ணா?"

சென்னியப்பன் மிதியடியை அங்கேயே விட்டான். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மைதானத்தில் முதல் வளைவிலேயே உள்ளங்கால் எரிந்தது. இரண்டாவது வளைவில் ஷூ வாடை அடித்தது. நேர்பாதை வந்தது. கால் தானாக மேலே வரப் பார்த்தது. "எங்கடா போறே?" என்று அதை அதட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு தரையோடு அழுத்தினான். தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி எஞ்சின் இரைந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை.

ஒலிபெருக்கியில் தகுதி பெற்ற வண்டிகளை வாசித்தார்கள். கடைசிப் பேர் சென்னியப்பன். கடைசியாக இருந்தால் என்ன, பேர் வந்தது. மச்சான் பஜ்ஜி வாங்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சென்னியப்பன் நொண்டிக்கொண்டே டீச்சரின் பட்டறைக்கு வந்தான்.

"டீச்சர், அந்த முப்பது குதிரையும் வந்துருச்சுங்களா? வண்டியை மெஷின்ல ஏத்தி அளந்து சொல்லுங்க."

"வலது கால் ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினான்.

டீச்சர் குனிந்து, கொப்புளித்திருந்த அவன் உள்ளங்காலைப் பார்த்தார்.

"வந்துருச்சு."