விளாவிய தண்ணீர்

"எவனோ ஒருத்தன் கடலுக்கு அடுப்பு மூட்டியிருக்கான். அவன் யாருன்னு மட்டும் சொல்லு தாயி. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

சேவுகனுக்கு அறுபது வயது. மீன் ஏலத்தில் கத்திக் கத்தியே ஆளானவர்.

நம்புத்தாய்க்கு முப்பது. மூச்சுப் பிடித்து மூழ்கிக் கடல்பாசி எடுப்பவள். நீரோட்டத்தை உடம்பாலேயே அறிந்தவள்.

கடலை அறிவதில் நான்கு வருடமாக அவர் அவளுக்குச் சீடன். வாய் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

அவள் தன் மூன்று மாத மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டது.

"நாலு மாசமா வலையில ஒரு சூடை மீன் இல்ல. தண்ணி சுடுது, எல்லாம் ஓடிருச்சு. என் வள்ளத்தை விலைக்குக் கேட்டு ஒருத்தன் உன் வாசல் வரைக்கும் வந்து நிக்கிறான். கடல் ஆறுமா, ஆறாதா? ஒரே வார்த்தை."

"அண்டாவுல கைய வைங்கண்ணே."

விரலை வைத்தார். உதறினார்.

"சுடுது! பச்சப் பிள்ளைய இதுலயா குளிப்பாட்டப் போற? அறிவிருக்கா உனக்கு?"

"இன்னும் உள்ள விடுங்க."

முழங்கை வரை விட்டார்.

"அடியில சில்லுன்னு இருக்கு."

"வெந்நீரை இப்பத்தான் ஊத்தினேன். இன்னும் விளாவல. நீங்க விளாவுங்க."

முரட்டுக் கை மெதுவாகச் சுற்றியது. மேல்தண்ணீர் இதமானது. அவள் மகளை இறக்கினாள். அழுகை ஒரு விக்கலில் நின்றது. பிள்ளை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

"இதைத்தான் நீரோட்டம் செய்யுது. அடித்தண்ணிய மேல கொண்டாரும். மேல்சூட்டைக் கீழ தள்ளும். இந்த வருஷம் சோர்ந்து கிடக்கு."

"அடுத்த வருஷம் எந்திரிச்சா?"

"மேல ஆறும்."

"அது போதுமே! இதை முதல்லயே சொல்ல உனக்கு வாய் வலிக்குதா?"

எழப் பார்த்தார். பிள்ளை விரலை விடவில்லை.

"இப்ப அடியில தொட்டுப் பாருங்கண்ணே."

மறு கையை விட்டார். துழாவினார். சுற்றிச் சுற்றித் துழாவினார்.

"சில்லுன்னு இருந்துச்சே?"

அவள் பிள்ளையின் தலையில் தண்ணீரை அள்ளி விட்டாள்.

"தாயி, எங்க போச்சு?"

"நாம பிறக்கிறதுக்கு முன்னால இருந்தே வர்ற சூட்டைக் கடல் இப்படித்தான் உள்ள வாங்கி வச்சிருக்கு. மேல தெரியல. நாமளும் கேக்கல."

அடுப்பில் பானை தளதளத்தது.

"அப்ப இன்னும் பச்சத்தண்ணி ஊத்து."

"நீங்களே ஊத்துங்க."

ஒற்றைக் கையால் குடத்தைச் சாய்த்தார். ஒரு செம்பு அளவு விழுந்தது. இன்னும் சாய்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

வாசலில் நின்றவன் எட்டிப் பார்த்தான். "என்ன பெரியவரே, முடிவு சொல்லுங்க. வெயில்ல நிக்கிறேன்."

"வள்ளம் விக்கிறதுக்கில்ல. இந்தப் பிள்ளைக்கு வேணும். போ."

பிள்ளைக்குத் தூக்கத்தில் கண் சொருகியது. அவர் ஊரைக் கூட்டும் அந்தத் தொண்டையை ஒடுக்கி, கடல் பக்கம் திரும்பி, பிள்ளை விழித்துவிடாதபடி முணுமுணுத்தார்.

"டேய், எவனா இருந்தாலும் சரிடா. இவ வளந்து தண்ணியில இறங்குறதுக்குள்ள வந்து விறகை வெளிய இழு. வந்து இழுடா."