நெல்லறையில் வைத்த தொட்டாற்சுருங்கி

"வெள்ளிக்கிழமை நீங்க காசிக்குப் போயிட்டா, என்னை யாரம்மா எழுப்புவாங்க?"

கேட்டவர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்திரண்டு. கேட்கப்பட்டவர் அவருடைய குரு வடிவம்மை. சீடரைவிடப் பத்து வயது இளையவர்.

அந்த மலைமேல் மடத்தில் தினமும் விடியுமுன் அம்மை கோலால் கதவைத் தட்டுவார். பிறகுதான் பொன்னுரங்கம் எழுந்து மணியடிப்பார். மணி கேட்டால்தான் கீழே ஆற்றில் ஓடம் அவிழும்.

"நான் தூங்கிட்டா ஊரே கரையில நிக்கும்மா."

அம்மை மண்வெட்டியை எடுத்தார். முற்றத்துத் தொட்டாற்சுருங்கி ஒன்றை வேரோடு பெயர்த்துச் சட்டியில் நட்டுக் கொடுத்தார்.

"நெல்லறையில வைங்க. பொட்டு வெளிச்சம் நுழையக்கூடாது. தினம் விடியும்போது இலை விரிஞ்சிருக்கான்னு பார்த்துச் சொல்லணும். ஒருநாளும் தப்பக்கூடாது."

மறுநாள், செவ்வாய்க்கிழமை விடியலில் பொன்னுரங்கம் போனார். கும்மிருட்டு. இலை மூடியிருந்தது. அப்படியே போய் மணியடித்தார்.

புதன்கிழமையும் மூடித்தான் இருந்தது. வியாழனும் அதே கதை.

"வெயில் எழுப்பாம அது எழும்பாதும்மா. நானும் அந்த ஜாதிதான்."

"இருட்டுல எப்படிப் பார்த்தீங்க?"

"தடவித்தான்."

"தொட்டாற்சுருங்கியையா?"

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு விளக்கு கொண்டு போங்க. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால கட்டிக்குங்க."

"அப்போ விளக்கை யாரு பிடிப்பா?"

"ஒரு கையைக் கட்டினாப் போதும்."

வெள்ளிக்கிழமை. சேவல் இன்னும் கூவவில்லை. ஒரு கை முதுகில், ஒரு கையில் அகல். நெல்லறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

இலையெல்லாம் சீப்பு சீப்பாக விரிந்து கிடந்தது.

நாலு நாளாக வெயிலையே காணாத செடி. விடிந்தது என்று அதன் காதில் யார் போய்ச் சொன்னது? சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரையில் ஓட்டை தேடினார். ஒன்றும் இல்லை.

முற்றத்துக்கு ஓடினார். அம்மை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"விரிஞ்சிருக்கும்மா. ஒண்ணும் புரியலை. யாரு எழுப்பினா அதை?"

"அது கிடக்கட்டும். உங்களை யாரு எழுப்பினா?"

"நீங்கதான்... கதவைத் தட்டி..."

"நான் திங்கட்கிழமையோட தட்டுறதை விட்டுட்டேன்."

பொன்னுரங்கம் தம் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மை படியிறங்கினார். நாலு படி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"மணியை அடிங்க. நான் ஓடம் ஏறணும்."