சம்பளமில்லா வக்கீலின் கேள்வி

சவரிமுத்து கறுப்புக் கோட்டு போட்டபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தார். முழங்கால் தேய்ந்ததும் விருப்ப ஓய்வு வாங்கினார். இனி வீட்டோடு இருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, தன் மகன் வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்து எழுந்தார்.

அந்த வருடம் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அரசுத் தரப்புக்கு உதவ வழக்கறிஞர்கள் ஆறு பேர் தேவை. காலம் ஆறு மாதம். ஊதியம் கிடையாது. பிறகு வேலை கேட்கும் உரிமையும் கிடையாது.

ஆறு பேர் சேர்ந்தார்கள். இரண்டாவது மாதம் முடிவதற்குள் ஐந்து பேர் கழன்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் குடும்பம் தொடங்கும் வயது. சவரிமுத்துவுக்கு ஓய்வூதியம் இருந்தது. அவர் நின்றார்.

அவருக்கு அங்கே குருவாக வாய்த்தவர் அரசு வழக்கறிஞர் ஹாஜிரா. சவரிமுத்துவைவிடப் பதினாறு வயது இளையவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். பாடம் சொல்லித் தருகிறேன் என்று ஹாஜிரா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

சேர்ந்த அன்று சவரிமுத்து கேட்டார். "நான் என்ன செய்யணும் மேடம்?"

"வராந்தாவில சாட்சிகள் இருப்பாங்க. போய் அவங்ககூட உட்காருங்க."

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்திருங்க."

சவரிமுத்துவுக்குச் சும்மா உட்கார வராது. நான்கே நாளில், எந்த ஊர்க்காரர் எந்த பஸ்ஸில் வந்தார், எந்த பஸ்ஸில் திரும்பினால் இருட்டுவதற்குள் வீடு சேரலாம், யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யார் எதிர்த்தரப்பு ஆட்களைப் பார்த்து ஒதுங்கி நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. வராந்தாவில் கூட்டம் வழியை அடைத்தால் பழக்க தோஷத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் இருக்கு பாருங்க!" என்று குரல் கொடுப்பார். ஒருமுறை நீதிபதியே அந்தக் குரலைக் கேட்டு ஒதுங்கி நடந்ததாக கோர்ட் டவாலி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வராந்தாவில்தான் அவருக்குப் பேச்சியம்மாள் பழக்கமானாள். செங்கல் சூளையில் வேலை பார்த்தவள். குடும்பத்தோடு வேறு ஊருக்குக் கிளம்புகிறோம் என்று சொன்னதற்காகச் சூளை முதலாளி மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் அவளுடைய இடது கை முறிந்தது. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. இது நடந்து ஆறு வருடம். சாட்சி சொல்ல அவள் பதினொரு தடவை வந்துவிட்டாள். பதினொரு தடவையும் எதிர்த்தரப்பு ஏதோ ஒரு காரணம் சொல்லி வாய்தா வாங்கியது.

"வர்ற வியாழக்கிழமைதான் கடைசி சார்" என்றாள் பேச்சியம்மாள். "சனிக்கிழமை கரும்பு வெட்டக் கிளம்புறோம். திரும்பிவர எட்டு மாசம் ஆகும். அதுக்கப்புறம் எனக்குத் தெம்பும் இல்ல, ஆசையும் இல்ல."

அந்த வாரம்தான் சவரிமுத்துவின் மனைவி லூர்து, சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாக ஒன்று கேட்டாள். "ஏங்க, அந்த ஆபீஸ்ல உங்களை என்னன்னு சொல்லுவாங்க?"

சவரிமுத்து வாயில் வைத்த கவளத்தை மென்றார். பஸ்ஸில் இருந்தவரை சட்டையில் பெயரும் எண்ணும் இருந்தன. இங்கே என்ன இருக்கிறது?

புதன்கிழமை அதே கேள்வியை ஹாஜிராவிடம் கொண்டுபோனார்.

"மேடம், சம்பளம் இல்ல. கதவுல பேர் இல்ல. கோர்ட்டுல எழுந்து பேசவும் முடியாது. இன்னும் ரெண்டு மாசத்துல போயிடணும். அப்போ நான் இங்க யாரு?"

ஹாஜிரா கேஸ் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நல்ல கேள்வி சார். பதிலுக்கு வாய்தா."

"கேள்விக்குமா வாய்தா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனாலும் சவரிமுத்துவுக்கு உள்ளே லேசாக ஒரு முள் தைத்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு அரசாணை வந்தது. அரசு வழக்கறிஞர் ஹாஜிராவின் நியமனம் இன்றோடு முடிகிறது. அடுத்தவர் வரும்வரை கூடுதல் அரசு வழக்கறிஞர் கோதண்டபாணி பொறுப்பைக் கவனிப்பார்.

ஹாஜிரா இரண்டு முறை படித்தார். முகம் ஒரு கணம் வாடியது. சவரிமுத்து அதைப் பார்த்தார். பிறகு ஹாஜிரா கேஸ் கட்டுகளை எடுத்துக் கோதண்டபாணியின் மேசையில் வரிசையாக அடுக்கினார். கையெழுத்துப் போட்டார். கவுனை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன் சார்" என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் சவரிமுத்து வராந்தாவுக்கு வந்துவிட்டார். பேச்சியம்மாள் அவருக்கும் முன்னால் வந்திருந்தாள். செய்தி அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"அந்தம்மா இல்லியாமே?"

"ஆமாம்மா."

"அப்போ புது வக்கீல் வரணும்னு சொல்லி இன்னிக்கும் தள்ளிடுவாங்க." பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் போறேன் சார்."

அவளை நிறுத்த எந்தச் சட்டம் இருக்கிறது என்று யோசித்தார் சவரிமுத்து. ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"உங்க ஊர் பஸ் இனிமே பதினொன்னே காலுக்குத்தான்" என்றார். "அதுவரைக்கும் எங்க போய் நிப்பே? உட்காரு. நானும் உட்கார்றேன்."

பேச்சியம்மாள் அவரைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தோளில் கவுனோடு படியேறி வந்தார் ஹாஜிரா. நேராகக் கோதண்டபாணியிடம் போனார்.

"சார், பின்வரிசையில அஞ்சு நாற்காலி காலியா கிடக்கு. ஒண்ணுல நான் உட்காரலாமா?"

கோதண்டபாணி நல்ல மனிதர். நானூறு பக்கக் கட்டைப் பார்த்துக் காலையிலிருந்தே வியர்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா! முன்னாடியே வந்து உட்காருங்க!"

"பின்னாடியே போதும் சார். பேசப் போறது நீங்க."

அரசுத் தரப்புக்கு ஹாஜிரா உதவட்டும் என்று பேச்சியம்மாள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டாள். நீதிபதி அனுமதித்தார். ஹாஜிரா வந்து சவரிமுத்துவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அரசு வழக்கறிஞர் மாறியிருக்கிறார். புதியவர் வழக்கைப் படிக்க அவகாசம் தேவைப்படும். அரசுத் தரப்புக்கு ஒரு மாத வாய்தா..."

"நாங்க தயார்" என்றார் கோதண்டபாணி. சொல்லிவிட்டு மெல்லப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஹாஜிரா தலையசைத்தார்.

விசாரணை தொடங்கியது. ஹாஜிரா சின்னச் சின்னத் துண்டுத் தாளில் எழுதினார். சவரிமுத்து அதைக் கோதண்டபாணியின் கையில் சேர்த்தார். காயச் சான்றிதழ் எந்தப் பக்கம் என்று கோதண்டபாணி தடுமாறியபோது, "நூத்திப் பன்னிரண்டு சார்" என்றார் சவரிமுத்து, கட்டைப் பிரிக்காமலே. ஹாஜிரா புருவத்தை உயர்த்தினார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தினார். "ஆறு வருஷத்துக்கு முன்னால நடந்தது. எந்தக் கையில அடி விழுந்துச்சு, எத்தனை அடி விழுந்துச்சுன்னு இவ்வளவு துல்லியமா உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கே!"

பேச்சியம்மாள் கூண்டுக் கம்பியின் மேல் தன் கோணல் கையைத் தூக்கி வைத்தாள்.

"கை என்னோடதுங்கய்யா. நான் போற இடத்துக்கெல்லாம் கூடவே வருது. மறக்கணும்னாலும் இதைக் கழட்டி வச்சிட்டுத்தான் மறக்கணும்."

நீதிபதி தலையைக் குனிந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சதும்மா. நீங்க போகலாம்" என்றார் நீதிபதி.

"அடுத்த வாய்தா எப்பங்கய்யா?"

"உங்களுக்கு இனிமே வாய்தா இல்லம்மா."

பேச்சியம்மாளுக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் கூண்டிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு ஓடாத குறையாக வந்தாள். பின்னாலேயே மற்றவர்களோடு வந்த சவரிமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சார், பேசிட்டேன் சார்! எல்லாத்தையும் பேசிட்டேன்!"

"கேட்டேன்மா, கேட்டேன். நீ பேசினது தெருவரைக்கும் கேட்டிருக்கும்."

அவள் சிரித்தாள். சிரிப்பில் கண்ணீரும் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஹாஜிராவைக் கும்பிட்டாள். கோதண்டபாணியைக் கும்பிட்டாள். எதிரே வந்த டவாலியையும் கும்பிட்டாள். அவர் எதற்கென்று தெரியாமலே திருப்பிக் கும்பிட்டார். ஒன்றரை மணி பஸ்ஸில் முன்பக்கமாக ஏறு, ஜன்னலோரம் கிடைக்கும் என்று சவரிமுத்து சொல்லி அனுப்பினார்.

மதிய இடைவேளையில் பெஞ்ச் கிளார்க் பேனாவோடு வந்தார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ஆஜரானவர்களின் பெயர்களை அவர் எழுதி முடிக்க வேண்டும். ஹாஜிராவின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பேரை எப்படி எழுதுறதுன்னு தெரியல. நேத்துவரைக்கும் மாவட்ட அரசு வழக்கறிஞர்னு எழுதினேன். இன்னிக்கு முன்னாள்னு போட்டு எழுதட்டுமா?"

"வேண்டாம். சாரை எப்படி எழுதியிருக்கீங்க?"

கிளார்க் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். "சவரிமுத்து சாரா? அவரை நாலு மாசமா ஒரே மாதிரிதான் எழுதுறேன். 'அரசுத் தரப்புக்கு உதவியவர்'னு."

சவரிமுத்துவுக்கு அது புதுச் செய்தி. கிளார்க்கின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். அவருடைய பெயர் அங்கே இருந்தது.

ஹாஜிராவும் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குக் கீழேயே என் பேரையும் எழுதுங்க" என்றார்.