தண்ணீர் ஊற்றாத சிரட்டை

காதோடு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கதை இது. விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. ஜெசிந்தா டீச்சருக்கே அது தட்டுப்படவில்லை என்பதால், உங்களுக்குத் தட்டுப்படாவிட்டாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

கரிசல் சீமையில் ஒரு தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்புக்கு ஜெசிந்தா டீச்சர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அறிவியலை மனப்பாடம் பண்ண வைப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய். "கையால செஞ்சு பாத்தாத்தான் அறிவியல்" என்பார். 'செடிக்கு என்ன வேண்டும்?' என்ற பாடம் வந்ததும் மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணைக் குத்தித் துளையாக்கி, மண் நிரப்பி, தட்டைப்பயறு ஊன்றினார். மூன்றும் முளைத்து இரண்டு இலை விட்டதும் சோதனை தொடங்கியது. முதல் சிரட்டைக்கு வெயிலும் உண்டு, தண்ணீரும் உண்டு. இரண்டாவதற்கு வெயில் மட்டும். மூன்றாவதற்குத் தண்ணீர் மட்டும். அது அலமாரிக்குள் போனது.

சிரட்டை வைத்த இடத்தில் நிற்குமா? முதல் சிரட்டையைத் துணிச் சும்மாட்டின் மேல் சன்னலில் உட்கார வைத்தார்கள். இரண்டாவதையும் பக்கத்திலேயே வைத்தால், முதலாவதற்கு ஊற்றும் வேகத்தில் இதிலும் சிந்திவிடுவார்களே என்று டீச்சருக்குப் பயம். வாசலோரம் புது மண்பானையில் குடிதண்ணீர் இருந்தது. பானை அசையாமலிருக்க அடியில் மணல் பரப்பியிருந்தார்கள். பானையின் குழாய் அந்தப் பக்கம், சிரட்டைக்கு இந்தப் பக்கம் என்று இடம் பார்த்து, டீச்சர் தன் கையாலேயே சிரட்டையை மணலில் பதித்து வைத்தார். வெயிலும் விழும், எல்லோர் பார்வையிலும் இருக்கும், யாரும் திருட்டுத்தனமாக ஊற்ற முடியாது. டீச்சருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் பெருமைதான்.

தண்ணீர் கிடைக்கப்போகாத அந்தச் செடியைப் பார்த்து வகுப்பிலிருந்த மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம் டீச்சர், அதுக்கும் ஒரே ஒரு மடக்கு குடுக்கட்டுமா?"

"குடுத்தா சோதனை கெட்டுப்போயிரும்மா."

"சரி, குடுக்க மாட்டேன்" என்று டீச்சரின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

பிறகு டீச்சர் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். பத்து நாள் கழித்து இரண்டாவது சிரட்டையைப் பற்றிச் சரியாக எழுதுபவருக்கு அது பரிசு என்றார். வகுப்பு துள்ளிக் குதித்தது. மாரீஸ்வரிக்கோ அன்று முதல் வேறு நினைப்பே இல்லை. எறும்புக்கு மூக்கு உண்டா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பத்தாம் நாள் வந்தது. முதல் செடி செழித்திருந்தது. அலமாரிச் செடி வெளுத்து, ஒல்லியாக நீண்டு கிடந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். இரண்டாவது செடி ஜம்மென்று பச்சைப் பசேலென நின்றது! போதாக்குறைக்குப் புதிதாக இரண்டு இலை வேறு. டீச்சர் குனிந்தார். மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இவதான் ஊத்திருப்பா டீச்சர்! அன்னைக்கே அழுதாள்ல?" என்று தினகர் கத்தினான். வகுப்பே மாரீஸ்வரியின் பக்கம் திரும்பியது.

"எங்கம்மா மேல சத்தியமா ஊத்தல டீச்சர்" என்றாள் அவள். டீச்சருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்பதை அவருடைய முகமே காட்டிக்கொடுத்தது.

எழுதிய தாள்களை வாங்கினார். மூன்று தாள்கள் தனியாக நின்றன.

தினகர் எழுதியிருந்தான்: 'தண்ணீர் இல்லாததால் செடி வாடிவிட்டது.' எதிரில் செடி தளதளவென்று நிற்கிறதே என்று கேட்டால், "புஸ்தகத்துல அப்படித்தான டீச்சர் இருக்கு? யாரும் ஊத்தலைன்னா வாடித்தான இருக்கும்?" என்றான். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மாரீஸ்வரி எழுதியிருந்தாள்: 'தண்ணீர் ஊற்றவில்லை. செடி வாடவில்லை. அதனால் செடிக்குத் தண்ணீர் வேண்டாம்.' தன் கண்ணால் பார்த்ததை நம்பியவள் அவள்.

முத்துப்பேச்சி எழுதியிருந்தாள்: 'மேல் மண் காய்ந்திருக்கிறது. சிரட்டையைத் தூக்கினால் அடியில் சில்லென்று இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.' அதைப் படித்ததும் வகுப்பு சிரித்தது. "தெரியலைன்னு எழுதுனதுக்குப் பரிசா?" என்று தினகர் விழுந்து விழுந்து சிரித்தான்.

கையில் கண்ணாடியோடு நிற்கிறார் ஜெசிந்தா டீச்சர். மணி அடிக்கப் போகிறது. மாரீஸ்வரி அழுதேவிடுவாள் போலிருக்கிறது. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அவள் சத்தியத்தை மீறினாளா? இல்லையென்றால் செடிக்குத் தண்ணீர் கொடுத்தது யார்? மூவரில் கண்ணாடி யாருக்குச் சேரும்?

விடை: மாரீஸ்வரி மீறவில்லை. யாராவது மேலிருந்து ஊற்றியிருந்தால் மேல் மண்ணல்லவா முதலில் நனைந்திருக்கும்? புது மண்பானை இரவும் பகலும் கசியும். கசிந்தது மணலில் இறங்கும். சிரட்டையின் கண் வழியே வேர் வெளியே வந்து அதைக் குடித்திருக்கிறது. குற்றவாளி யாரென்றால், இடம் பார்த்து வைத்த ஜெசிந்தா டீச்சரேதான்! தினகர் செடியைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தான். மாரீஸ்வரி செடியைப் பார்த்தாள், அடியில் பார்க்காமல் முடிவு கட்டிவிட்டாள். முத்துப்பேச்சியின் தாளில் மட்டும் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'தெரியவில்லை' என்பது உட்பட. கண்ணாடி அவளுக்கே. மாரீஸ்வரியைச் சந்தேகப்பட்டதற்கு டீச்சர் வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்களும் அவளைச் சந்தேகப்பட்டிருந்தால் இரண்டு தோப்புக்கரணம் போட்டுவிடுங்கள். அவளோ அழுகையை மறந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா டீச்சர்," என்றாள், "பாவம்னு பானைக்கும் தோணியிருக்கு."